தள்ளுபடி ஆன கடனுக்கு வட்டி கட்டாதீர்கள்

வந்த கடிதம் (சுருக்கி, அடையாளங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்):

"ஸ்தோத்திரம் ஐயா. எனக்கு 39 வயது. பொறையாறு பக்கம் ஒரு கிராமம், பிறந்ததிலிருந்தே லுத்தரன் சபை. வீட்டுக்காரர் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. ஒரு ராத்திரி அழுதுகொண்டே, ஆண் பிள்ளை கொடுத்தால் அவனை உமக்கே ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். அடுத்த வருஷமே மகன் பிறந்தான். இப்போது பத்தாவது படிக்கிறான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர வேண்டும் என்கிறான், ஊழியத்தில் அவனுக்கு மனசில்லை, நானும் வற்புறுத்தவில்லை. போன ஆவணியில் அவனுக்கு வலிப்பு வந்தது, இதுவரை மூன்று தடவை. எங்கள் தெருவில் ஜெபக்கூட்டம் நடத்த வந்த ஒரு ஊழியர், பொருத்தனையை மீறினதால் வந்த சாபம் இது, கட்டு அறுக்க மூன்று நாள் உபவாச ஜெபம் வேண்டும், 25,000 ரூபாய் காணிக்கை வைக்க வேண்டும், மாத்திரையை நம்புவது அவிசுவாசம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன், வெள்ளிக்கிழமை உபவாசம், ஒரு நாள் தப்பினால் அன்றைக்கு முழுக்க நடுக்கம். அபாத்திரமாய் (தகுதியில்லாமல்) வாங்கிவிடுவேனோ என்ற பயத்தில் ஏழு மாதமாகத் திருவிருந்து (ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் திராட்சரசமும்) எடுக்கவில்லை. கிருபை கிருபை என்று பிரசங்கத்தில் கேட்கிறேன், உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. தோட்டை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிடலாமா? எனக்கு எப்போது விடுதலை?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் அப்புறம்.

டாக்டர் கொடுத்த வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னும் நரம்பியல் டாக்டரிடம் காட்டவில்லை என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வலிப்பு மூளையில் மின்சாரம் தாறுமாறாகப் பாய்வதால் வருவது. சரியாகக் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடுத்த தடவை வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்களிடம் வந்த ஊழியர் அநேகமாக மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தைத்தான் காட்டியிருப்பார், தீயிலும் தண்ணீரிலும் விழுகிற அந்தப் பையனின் கதை. அதையே நீங்கள் இன்னொரு தடவை மெதுவாக வாசியுங்கள். பையன் தரையில் விழுந்து நுரை தள்ளிப் புரளும்போது இயேசு அந்தத் தகப்பனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று?" இதே கேள்வியைத்தான் நரம்பியல் டாக்டரும் முதலில் கேட்பார். நீ என்ன பாவம் செய்தாய் என்று இயேசு கேட்கவில்லை, பொருத்தனை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. அந்த மனுஷனுக்கு இருந்த விசுவாசமோ அரைகுறை, அதை அவனே வாய்விட்டுச் சொல்கிறான், "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று. அதற்காக அவனைத் திருப்பி அனுப்பவில்லை. காணிக்கை? அந்த அதிகாரத்தில் தேடிப் பாருங்கள், இருக்காது. பணம் கொடுத்து வரத்தை வாங்கலாம் என்று நினைத்த சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில் அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது." நான் இவ்வளவு கடுமையாகச் சொல்லத் துணிய மாட்டேன், ஆனால் பேதுரு சொல்லியிருக்கிறார்.

சரி, இப்போது பொருத்தனைக்கு வருவோம். அதுதான் உங்களை அரிக்கிறது என்று தெரிகிறது.

பிரசங்கி ஐந்தாம் அதிகாரத்தை நீங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே என்று. அந்த வசனம் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று மழுப்ப மாட்டேன். சொன்ன வார்த்தையைக் காற்றில் விடக் கூடாது, கடவுளிடம் சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டில் சொன்னாலும் சரி. ஆனால் அதே பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 27 என்று ஒரு அதிகாரம் இருக்கிறது, அதை எடுத்துப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதே இல்லை. ஆளைப் பொருத்தனை பண்ணிவிட்டவர்கள் அதிலிருந்து மீளுவதற்கான ஏற்பாடு அது. ஐந்து வயதிலிருந்து இருபது வயதுக்குள் இருக்கும் ஆண்பிள்ளைக்கு இருபது சேக்கல் என்று இருக்கும். அதோடு நிற்கவில்லை, அதைக்கூடக் கட்ட முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியன் அவனுடைய திராணிக்குத் தக்கபடி மதிப்பிட வேண்டும் என்று அடுத்து வரும். உடனே இருபது சேக்கல் இன்றைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடாதீர்கள்! அந்தச் சட்டம் நமக்கு விலைப்பட்டியல் இல்லை. நியாயப்பிரமாணமே, அவ்வளவு கறாரான அந்தச் சட்டமே, அவசரத்தில் வாயை விட்டவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன். அந்தச் சட்டத்தைவிடக் கறாராக உங்களை நடத்த கிறிஸ்து வந்தாரா?

இன்னொன்று. நீங்கள் பொருத்தனை பண்ணினது உங்கள் பொருளை இல்லை, இன்னொரு மனுஷனின் வாழ்க்கையை. உங்கள் மாமனார் பேரில் இருக்கும் நிலத்தை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியுமா? பத்திர ஆபீசில் விடுவார்களா? அன்னாள் ஜெபித்துப் பெற்ற மகனை ஆலயத்துக்கே கொடுத்தாளே என்பீர்கள். அன்னாள் கதை அழகான கதைதான், ஆனால் அது எல்லாத் தாய்க்கும் போட்ட சட்டம் என்று வேதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பொருத்தனைக்காகப் பெற்ற மகளையே பறிகொடுத்த யெப்தாவின் கதையும் அதே வேதத்தில் இருக்கிறது, அதை நாம் யாருக்கும் முன்மாதிரியாகச் சொல்வதில்லை.

நீங்கள் லுத்தரன் சபை என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் சபையே பயத்தில் பண்ணின ஒரு பொருத்தனையில்தான் ஆரம்பிக்கிறது. 1505 ஜூலை 2. சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயசுப் பையன் மார்ட்டின் லுத்தர், எர்ஃபுர்ட்டுக்கு நடந்து வருகிறான். ஊருக்கு வெளியே, நம் ஐப்பசி மாதத்து இடி மாதிரி, பக்கத்திலேயே இடி விழுகிறது. உயிர் பயத்தில் புனித அன்னம்மாளைக் கூப்பிட்டு, காப்பாற்று, நான் துறவியாகிவிடுகிறேன் என்று கத்துகிறான். இரண்டு வாரத்தில் மடத்துக்குப் போய்விட்டான். அப்பாவுக்குப் பயங்கரக் கோபம். உங்களைப் போல் சொன்னதைத் தள்ளிப் போடவில்லை பாருங்கள், பொருத்தனையை அப்படியே, உடனே நிறைவேற்றினான். நிம்மதி வந்ததா என்றால், இல்லை. உபவாசம், இரவு ஜெபம், குளிரில் நடுக்கம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் மணிக்கணக்கில் சொல்லுவானாம், சொல்லி முடித்து வெளியே வந்ததும் ஒன்றை விட்டுவிட்டோமே என்று திரும்ப உள்ளே போவானாம். நாலு மணி ஜெபம் ஒரு நாள் தப்பினால் நடுக்கம் என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு லுத்தர்தான் ஞாபகம் வந்தார். பொருத்தனையைச் செலுத்தியவருக்கும் அதே நடுக்கம், செலுத்தாத உங்களுக்கும் அதே நடுக்கம் என்றால், நடுக்கத்துக்குக் காரணம் பொருத்தனை கிடையாது. அவருக்கு விடிந்தது ரோமர் நிருபம் படிக்கும்போதுதான், தேவநீதி என்பது நம்மிடம் கேட்டு வாங்குகிற ஒன்றில்லை, நமக்குக் கொடுக்கப்படுகிற ஒன்று என்று கண்டபோது. அதற்கப்புறம், 1521-ல், துறவிகளின் பொருத்தனைகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி, அதை அந்தக் கோபக்கார அப்பாவுக்கே சமர்ப்பணம் பண்ணினார். பயத்தில் பண்ணின பொருத்தனையால் கடவுளின் அன்பை வாங்க முடியாது என்பதை அனுபவித்துவிட்டு எழுதினது அது.

வீட்டுக்காரர் பயிர் வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் டிபிசிக்கு, அதாவது அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கு, நெல் கொண்டு போகிற கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தை மாதம், ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டி, காலால் கிளறிக் கிளறிக் காய வைத்து, ராத்திரி பனி இறங்குகிறதே என்று தார்ப்பாயை இழுத்து மூடி, பக்கத்திலேயே சாக்கில் படுத்து, காலையில் அந்த ஈரப்பதம் பார்க்கிற மிஷினில் ஒரு பிடி நெல்லைப் போடும்போது எல்லோரும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். பதினேழு வந்தால் பிழைத்தோம். பத்தொன்பது வந்தால் இன்னொரு நாள் காய வை. அதற்குள் ஒரு தூறல் போட்டால் இருபத்திரண்டு. நீங்கள் கடவுளை அந்த மிஷின் வைத்திருக்கிறவராக ஆக்கி வைத்திருக்கிறீர்கள். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு உங்களை ஒரு பிடி அள்ளிப் போட்டுப் பார்க்கிறார், தினமும் பத்தொன்பது காட்டுகிறது, நீங்கள் மறுபடி உங்களைக் காய வைக்கிறீர்கள். பதினைந்து வருஷமாக.

இதைத்தான் பவுல் அடிமைத்தனம் என்கிறார், இதிலிருந்துதான் விடுதலை. நம் பக்கத்துக் கூட்டங்களில் விடுதலை என்றாலே பேய் ஓட்டுவது, குடி நிறுத்துவது என்று ஆகிவிட்டது. கலாத்தியர் நிருபத்தை வாசித்துப் பாருங்கள், அது குடிகாரர்களுக்கு எழுதினது கிடையாது. உங்களைப் போன்ற பக்திமான்களுக்கு எழுதினது, கிறிஸ்து போதாது, இதையும் சேர்த்துச் செய்தால்தான் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று யாரோ வந்து சொல்லக் கேட்டு மிரண்டுபோன சபைகளுக்கு. "நீங்கள் மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல், கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்" என்று அதில் ஐந்தாம் அதிகாரம் தொடங்குகிறது. மறுபடியும் என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். சாபம் சாபம் என்று உங்களைப் பயமுறுத்தினவர் மூன்றாம் அதிகாரத்தையும் காட்டியிருக்கலாம், கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்று அங்கேயே இருக்கிறது. காட்டியிருந்தால் 25,000 கேட்க முடியாதே.

கிருபை உள்ளே இறங்கவில்லை என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கதையைச் சொல்கிறேன். திருமருகல் பக்கம், இரண்டு ஏக்கர்காரர். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்ததே, 12,110 கோடி ரூபாய், 16 லட்சம் விவசாயிகளுக்கு மேல், அதில் அவர் கடனும் போய்விட்டது. ஆனால் மனுஷன் அதற்கப்புறமும் பல மாதம் சொசைட்டி இருக்கிற தெரு வழியாகப் போகவே மாட்டார். டீக்கடைக்குப் போவதற்குக்கூடச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாகப் போவார். ஏன் என்று கேட்டால், "செக்ரட்டரி பாத்தார்னா கேப்பாரு சாமி" என்பார். தள்ளுபடி ஆயிடுச்சே என்றால், "ஆயிடுச்சுன்னுதான் சொல்றாங்க" என்பார். பையன் ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பேரேட்டில் அவர் பேருக்கு நேரே பாக்கி இல்லை என்று எழுதியிருந்ததை விரல் வைத்துக் காட்டின பிறகுதான் அந்தத் தெருவில் நடந்தார். அதுவரைக்கும் கடன் இல்லாதவர்தான், ஆனால் கடன்காரராகவே வாழ்ந்தார்.

அந்தக் கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, நாம் அதை எளிதில் மறந்துவிடுகிறோம். தள்ளுபடி என்றால் பணம் ஆவியாகிப் போய்விடவில்லை. சொசைட்டிக்கு அந்தப் பணத்தை அரசு கட்ட வேண்டியிருந்தது. கடன் வாங்கினவர் கட்டவில்லை, அவ்வளவுதான், யாரோ கட்டினார்கள். கிருபை இலவசம் என்று சொல்லிச் சொல்லி அது மலிவானது என்பது போல ஆகிவிட்டது. உங்களுக்குத்தான் இலவசம். கட்டினவர் சிலுவையில் கட்டினார். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்பது இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. கட்டி முடித்த கடனுக்கு நீங்கள் தோட்டை அடகு வைத்து இன்னொரு 25,000 கட்டினால், முதலில் கட்டினவரைப் பார்த்து உம்முடையது போதவில்லை என்று சொல்வதாக ஆகாதா?

அந்த உணர்வு எப்போது வரும் என்று கேட்டால், தேதி சொல்ல என்னால் முடியாது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள், மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வருகிறது. உங்கள் ஊர் கடைமடை. திறந்தாச்சு என்று டிவியில் பார்த்துவிட்டு வாய்க்காலைப் போய்ப் பார்த்தால் காய்ந்துதான் கிடக்கும். அதற்காகத் திறக்கவில்லை என்று சொல்வீர்களா? சில பேருக்கு உள்ளே எல்லாம் மெதுவாகத்தான் வந்து சேரும், அதிலும் சின்ன வயசிலிருந்து அடித்துத் திட்டி வளர்க்கப்பட்டவர்களுக்கு. உங்கள் கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரே வரி இருந்தது, அதை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் பரலோகத்தில் இருக்கும் அப்பாவுக்கு அந்த முகத்தைத்தான் நீங்கள் கொடுத்திருக்கிறீர்களோ என்று யோசித்தேன். அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள்.

பொருத்தனையை மீறினால் அடி, நிறைவேற்றினால் பாதுகாப்பு என்கிற கணக்கு நம் கரையில் நிற்கவே நிற்காது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் அன்றைக்கு உயிர் போனவர்களில் பலர் யார்? மாதாவிடம் நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள், பண்டிகைப் பூசை பார்க்க வந்தவர்கள். கடனைக் கட்ட வந்த இடத்திலேயே போனார்கள். அந்த வாரம் முழுக்க எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தச் சாதி, எந்த மதம் என்றில்லாமல், பெண்கள் கேட்டது ஒன்றுதான், நான் என்ன பாவம் பண்ணினேன் ஐயா என்று. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொன்ன லூக்கா பதின்மூன்றை நான் அதற்கு முன்னால் நூறு தடவை வாசித்திருப்பேன், அந்த வாரம்தான் புரிந்தது. பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் அவர் இரண்டும் இல்லை என்றுதான் சொன்னார்.

உங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். 1718-ல் கட்டின புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்க் ஐயருடைய கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன் மிஷனரியாக 1706-ல் வந்து இறங்கி, தமிழ் படித்து, நாலு மாதம் சிறையில் இருந்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்துக் கொடுத்தவர். முழுசாக ஊழியத்துக்கே போனவர். சாகும்போது வயது 36. ஊழியத்துக்குப் போனால் உடம்புக்கு எதுவும் வராது என்றால் அவருக்குத்தானே முதலில் வராமல் இருந்திருக்க வேண்டும்?

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானும் இப்படிப் பேசினவன்தான். குருப்பட்டம் வாங்கிய புதிதில், குழந்தை இறந்தே பிறந்த ஒரு பெண்ணின் கட்டில் பக்கத்தில் நின்று, "உன்னை நீயே ஆராய்ந்து பாரம்மா" என்று சொன்னேன். ஞானமாகப் பேசிவிட்டதாக நினைப்பு. அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. முப்பது வருஷம் ஆகிறது, அந்த முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம்தான் ஆலோசனைப் பயிற்சிக்கே போனேன்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாக நேர்ந்துகொள்ளச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாவிடம் கோபப்பட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் காவித் துணி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நம் ரோட்டில் நடந்து போகிறவர்களில் நன்றிக்காக நடக்கிறவர்களும் உண்டு, பயத்துக்காக நடக்கிறவர்களும் உண்டு. நம் சபையிலும் அதே இரண்டு கூட்டம்தான். கிருபையைப் பற்றிக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் நானூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டுவிட்டு, 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள், நம் புண்ணியத்தால் இல்லை, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. அந்த அம்மாவுக்கும் அதே நற்செய்திதான்.

திருவிருந்து விஷயம். அபாத்திரமாய் என்கிற அந்த ஒரு வார்த்தை நம் ஜனங்களை எவ்வளவு பேரை மேசையை விட்டு விரட்டியிருக்கிறது! கொரிந்து சபையில் நடந்தது என்ன? வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், கூலிவேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுலே எழுதியிருக்கிறார். அப்படி நடந்துகொள்வதைத்தான் அபாத்திரமாய் என்கிறார், பயந்து நடுங்குகிற ஆளை இல்லை. திடப்படுத்தல் வகுப்பில் நீங்கள் மனப்பாடம் பண்ணின லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை எடுத்துப் பாருங்கள். யார் பாத்திரவான் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. உபவாசம் வெளியே செய்கிற நல்ல ஒழுக்கம்தான், ஆனால் "உங்களுக்காக" என்ற வார்த்தையை நம்புகிறவரே உண்மையில் பாத்திரவான் என்று இருக்கும். பசி இல்லாதவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் தப்பு. ஏழு மாதம் பட்டினி கிடந்தவரை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

இப்போது நான் சொல்வது ஆயர் என்பதோடு ஆலோசகர் என்ற முறையிலும். ஆறு வாரத்துக்கு உபவாசம் வேண்டாம். அலாரத்தை ஆறு மணிக்கு வையுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு சங்கீதம் வாசியுங்கள், வாசிக்க மறந்தால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து வாசிக்கக் கூடாது, அதுதான் முக்கியம், பாக்கி வைத்துக் கட்டுகிற பழக்கத்தையே விடச் சொல்கிறேன். முதல் வாரம் நடுக்கம் கூடும், அதைக் கடவுளின் எச்சரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பழக்கம் போகும்போது அப்படித்தான் ஆட்டும். ஆறு வாரம் ஆகியும் அதே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், இது மனசுக்கு வருகிற ஒரு நோயாகவும் இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு, அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பாருங்கள். போனில் பேச வேண்டும் என்றால் 14416, இலவசம், தமிழில் பேசுவார்கள்.

பையனைப் பற்றி. இந்தப் பொருத்தனை விவகாரம் அவன் காதுக்குப் போயிருக்கிறது என்றே நினைக்கிறேன், அந்த ஊழியர் சத்தமாகத்தானே ஜெபித்திருப்பார். பாலிடெக்னிக் ஆசையால்தான் தனக்கு வலிப்பு வந்தது என்று ஒரு பதினைந்து வயசுப் பிள்ளை மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தால் அது வலிப்பைவிடக் கொடுமை. சாப்பாடு போடும்போது சாதாரணமாகச் சொல்லுங்கள்: அம்மா உன்னைப் பெறுவதற்கு முன்னால் பயத்தில் ஒன்று சொன்னேன், அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள பேச்சு, நீ அதில் இல்லை, நீ எதற்கும் ஈடு இல்லை, போய்ப் படி. மெக்கானிக்கல் படித்துவிட்டு கடைமடையில் நின்றுபோன மோட்டாரை ஏமாற்றாமல் சரி பண்ணிக் கொடுக்கிறவன் செய்வதும் ஊழியம்தான், பிரசங்க பீடத்தில் நிற்பதைவிட அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பது லுத்தர் சொன்னது, நானும் அனுபவத்தில் கண்டது. ஒரே ஒரு விஷயம், மிஷின் ஓடுகிற இடத்தில் வேலை என்பதால் வலிப்பு கட்டுக்குள் வந்த பிறகு எந்தப் பிரிவு தோதாக இருக்கும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஊழியர் திரும்ப வந்தால் வாசலில் வைத்தே, எங்கள் ஐயரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். வாதாட வேண்டாம், உங்களுக்கு இப்போது அதற்குத் தெம்பு இல்லை. அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக எழுந்து போகக் கால் வராது. தோட்டை இன்னும் அடகு வைக்கவில்லை என்றால் காதிலேயே இருக்கட்டும். வைத்துவிட்டீர்கள் என்றால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அப்படியே கொண்டு போய்க் கட்டி மீட்டுவிட்டு, மீட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.